கண்ணாடி அடுப்பு: எதற்குப் பொறுக்கணும்? எதற்கு ஓடணும்?

பொங்கல் அன்று பால் பொங்கி வழிய வேண்டும். வழியாவிட்டால் வீட்டில் யாருக்கும் மனசு ஆறாது. புது வீட்டுக்குக் குடிபோனாலும் முதல் வேலை பால் காய்ச்சுவதுதான். அங்கேயும் எல்லார் கண்ணும் பாத்திரத்தின் விளிம்பில்தான் இருக்கும். விறகடுப்புக் காலத்தில் வழிந்த பாலைச் சாம்பல் குடித்துக்கொண்டது. கேஸ் அடுப்பில் பர்னரைக் கழற்றிக் கழுவினோம். இன்று அதே பாலும் அதே வெல்லமும், நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள கறுப்புக் கண்ணாடியின் மேல் பொங்குகின்றன. சூரிச்சிலும் டொரான்டோவிலும் வாடகை வீட்டில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுதான் அடுப்பு. இங்கே, சிலிண்டர் தீர்ந்த நாளுக்கு ஆகும் என்று வாங்கி வைத்த இண்டக்‌ஷன் அடுப்பு, எத்தனையோ வீடுகளில் தினசரி அடுப்பாகவே மாறிவிட்டது.

அடுப்பு மாறிவிட்டது. துலக்கும் கை மட்டும் மாறவில்லை. கறை என்றால் நாரை எடு, பவுடரைப் போடு, பலம் கொண்ட மட்டும் தேய் என்பதுதான் நமக்குத் தெரிந்த வழி. பித்தளைக் குடத்துக்கும் இரும்பு வாணலிக்கும் அது சரி. இந்தக் கண்ணாடிக்குச் சரிவராது. அதன் மேல் சிந்தும் பெரும்பாலான பொருள்கள் அதை ஒன்றும் செய்வதில்லை. கீறலும் மங்கலும் பெரும்பாலும் நாம் துடைக்கும் விதத்தால் வருபவை. எந்தக் கறைக்கு அடுப்பு ஆறும்வரை பொறுக்க வேண்டும், எந்தக் கறைக்குச் சூடாக இருக்கும்போதே ஓட வேண்டும் என்பது தெரிந்துவிட்டால், பத்து வருஷம் ஆனாலும் அந்தக் கண்ணாடியில் முகம் பார்க்கலாம்.

உங்கள் வீட்டில் இருப்பது எந்தக் கண்ணாடி?

கடையில் ‘கிளாஸ் டாப்’ என்று கேட்டால் இரண்டு வேறு பொருள்களைக் காட்டுவார்கள். ஒன்று, நம் ஊரில் அதிகம் விற்கும் கண்ணாடி மேல்தட்டு வைத்த கேஸ் அடுப்பு. இன்னொன்று, இண்டக்‌ஷன் அல்லது இன்ஃப்ராரெட் அடுப்பு. இரண்டும் கறுப்பு, இரண்டும் பளபளப்பு. தொட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் அவை இரண்டும் வேறு வேறு கண்ணாடிகள்.

கேஸ் அடுப்பில் இருப்பது டஃபண்டு கிளாஸ். சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, குளிர்ந்த காற்றைப் பீய்ச்சி அடித்துச் சட்டென்று ஆற வைப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிட, உள்ளே இருப்பது பின்னால் இறுகும்போது மேற்பரப்பை அழுத்திப் பிடிக்கும். அந்த அழுத்தம்தான் அதன் பலம். அது எங்காவது ஓரிடத்தில் அறுந்தால் கண்ணாடி மொத்தமும் ஒரே நொடியில் கற்கண்டு அளவு துண்டுகளாகச் சிதறும். கேஸ் அடுப்பில் தீ பர்னரில்தான் எரிகிறது. கண்ணாடி வெறும் மேல்தட்டு. அடுப்பை விடப் பெரிய அண்டாவையோ அகலமான கல்லையோ ஏற்றி, தீ அடியில் முட்டித் திரும்பிக் கண்ணாடியில் படும்படி மணிக்கணக்கில் விட்டால் அது தாங்காது. சமைத்த சூட்டோடு ஈரத்துணியைப் போடுவதும் ஆபத்து.

இண்டக்‌ஷன், இன்ஃப்ராரெட் அடுப்புகளில் இருப்பது செராமிக் கண்ணாடி. இங்கே சூடெல்லாம் அந்தத் தகட்டின் மேல்தான். இன்ஃப்ராரெட் அடுப்பில் கீழே சிவக்கும் கம்பிச்சுருளின் வெப்பம் கண்ணாடியை ஊடுருவிப் பாத்திரத்துக்குப் போகிறது. அந்த வட்டம் 500 டிகிரியையும் தாண்டிச் சுடும். கையகலம் தள்ளி இருக்கும் ஓரத்தில் விரல் வைக்கலாம். இண்டக்‌ஷனில் மின்காந்தம் பாத்திரத்தின் அடியைத்தான் சூடாக்குகிறது, பாத்திரம் தன் சூட்டைக் கண்ணாடிக்குத் தருகிறது. எப்படியானாலும் ஒரே தகட்டில் ஓரிடம் கொதிக்க, பக்கத்து இடம் குளிர்ந்திருக்கும். சாதாரணக் கண்ணாடி இதற்கு வெடித்துவிடும். இது ஏன் வெடிப்பதில்லை?

அடங்காத உலையில் பிறந்தது

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் என்ற ஊரில், கார்னிங் கண்ணாடி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். ஆண்டு 1953. டொனால்டு ஸ்டூக்கி என்ற வேதியியலாளர், லித்தியம் கலந்த ஒரு கண்ணாடித் தகட்டை உலையில் வைத்து 600 டிகிரிக்குச் சூடாக்க நினைத்தார். உலையின் கட்டுப்பாட்டுக் கருவி மக்கர் செய்ததில் வெப்பம் 900-க்கு ஏறிவிட்டது. கண்ணாடி உருகி உலையே பாழாகியிருக்கும் என்று பயந்துகொண்டே கதவைத் திறந்தார். தகடு உருகவில்லை. பால் வெள்ளையாக மாறி, வைத்த வடிவம் குலையாமல் கிடந்தது. இடுக்கியால் எடுக்கும்போது கை நழுவிக் கீழே விழுந்தது. உடையவும் இல்லை, உலோகத் தகடு விழுந்த சத்தம்தான் கேட்டது.

அதிகச் சூட்டில் அந்தக் கண்ணாடிக்குள் கோடிக்கணக்கான நுண்படிகங்கள் விளைந்திருந்தன. அதிலிருந்து கிளைத்ததுதான் செராமிக் கண்ணாடி என்ற முழுக் குடும்பமும். 1958-ல் கார்னிங்வேர் என்ற வெள்ளைப் பாத்திரங்கள் வந்தன. 1966-ல் அதே நிறுவனம் வெள்ளைத் தகடு போட்ட சமையல் மேடையைக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் மைன்ட்ஸ் நகரத்து ஷாட் நிறுவனம் 1968-ல் தொலைநோக்கி ஆடிகளுக்காக ஜெரோடூர் என்ற செராமிக் கண்ணாடியை உருவாக்கியது. ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கிகளிலும், சிலி நாட்டில் இருக்கும் 8.2 மீட்டர் அகல ஐரோப்பியத் தொலைநோக்கிகளிலும் விண்மீன் ஒளியை வாங்கும் ஆடிகள் ஜெரோடூரால் ஆனவை. அதே நிறுவனம் 1971-ல் செரான் என்ற பெயரில் அடுப்புத் தகட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விண்மீன் பார்க்கும் ஆடிக்கும் நம் சாம்பார் கொதிக்கும் தகட்டுக்கும் இப்படி ஒரு உறவுமுறை இருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு.

இரண்டுக்கும் வேண்டிய குணம் ஒன்றே. சூடானால் விரியக் கூடாது, குளிர்ந்தால் சுருங்கக் கூடாது. ஒரு மீட்டர் நீளமுள்ள சாதாரணக் கண்ணாடியை நூறு டிகிரி சூடாக்கினால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளும். அடுப்புத் தகடு அளவில் மாறவே மாறாது என்று சொல்லிவிடலாம். லித்தியம், அலுமினியம், சிலிக்கன் ஆக்சைடுகளால் ஆன அதன் நுண்படிகங்கள் சூட்டில் சுருங்கும் வினோதக் குணம் கொண்டவை. படிகங்களைச் சுற்றி மிச்சம் இருக்கும் கண்ணாடியோ சூட்டில் விரியும். ஒன்றின் சுருக்கமும் மற்றதன் விரிவும் கணக்குத் தீர்ந்துபோகின்றன. அதனால்தான் கொதிக்கும் வட்டமும் குளிர்ந்த ஓரமும் ஒரே தகட்டில் சண்டையில்லாமல் இருக்கின்றன. படிகங்கள் ஒளியின் அலைநீளத்தை விடச் சிறியவை என்பதால் தகடு ஒளியை ஊடுருவ விடுகிறது. வனேடியம் ஆக்சைடு போன்ற சாயப்பொருள் சேர்ப்பதால் கறுப்பாகத் தெரிகிறது.

இந்தச் சுருங்காத குணம்தான் அதன் பலம். அதன் ஒரே பெரிய எதிரிக்கு வாய்ப்பாக அமைந்ததும் அதே குணம்தான்.

ஓட வேண்டிய கறை

அந்த எதிரி சர்க்கரை. வெல்லம், கருப்பட்டி, ஜாம், பாயசம், கடலை மிட்டாய்க்குக் காய்ச்சும் பாகு எல்லாம் இதில் அடக்கம்.

குழம்பு வழிந்து கருகினால் அது கண்ணாடியின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பாகு அப்படி இல்லை. சூட்டில் இளகி, தகட்டின் ஒவ்வொரு நுண்ணிய குழியிலும் புகுந்து கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஆறும்போது பாகு நன்றாகச் சுருங்கும், கண்ணாடி சுருங்காது. காய்கிற பசை தோலைப் பிடித்து இழுப்பதுபோல, இறுகும் பாகு கண்ணாடியை இழுக்கும். இழுவிசை எல்லை மீறினால் தகட்டிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து பாகோடு வந்துவிடும். அந்த இடத்தில் சிப்பியின் உட்புறம் மாதிரி வழவழப்பான ஒரு பள்ளம் விழும். விரல் நகத்தை ஓட்டினால் தட்டுப்படும். அதற்கு மருந்து கிடையாது. எந்தக் கிரீமும் அதை நிரப்பாது.

ஆகவே பாகு வழிந்தால் ஆறும்வரை காத்திருக்கக் கூடாது. முதலில் பாத்திரத்தை இறக்குங்கள். அடுப்பை அணையுங்கள். தடிமனான கையுறையோ மடித்த துணியோ கையில் இருக்கட்டும். நீளக் கைப்பிடி கொண்ட பிளேடு ஸ்க்ரேப்பரைச் சாய்வாக, ஏறக்குறைய 30 டிகிரி கோணத்தில் பிடித்து, இளகியிருக்கும் பாகைச் சூடான வட்டத்திலிருந்து குளிர்ந்த ஓரத்துக்குத் தள்ளுங்கள். சூட்டில் ஈரத்துணி போட்டால் ஆவி கையைச் சுடும். ஆகவே அந்த நேரத்தில் ஸ்க்ரேப்பர் மட்டும். வட்டத்தில் மெல்லிய படலமாக மிச்சம் இருப்பதை ஆறியபின் துடைத்துக்கொள்ளலாம்.

யாரும் கவனிக்காத நேரத்தில் பாகு வழிந்து ஆறி இறுகிவிட்டதா? கத்தியால் நெம்பாதீர்கள். நெம்பினால் பெயராமல் இருந்த சில்லும் பெயர்ந்துவிடும். சர்க்கரை தண்ணீரில் கரையும் பொருள். தகடு முழுக்க ஆறியபின், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை அதன் மேல் விரித்து, துணி ஆறும்போதெல்லாம் மறுபடி நனைத்துப் போடுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும்.

இண்டக்‌ஷன் வைத்திருப்பவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. பாத்திரத்தை விட்டு வெளியே வழியும் பாகு குளிர்ந்த கண்ணாடியில் விழுவதால் கருகி ஒட்டுவது குறைவு. பாத்திரத்தின் அடிக்குள் புகுந்த பாகுதான் ஆபத்து. வழிந்தது தெரிந்ததும் பாத்திரத்தைத் தூக்கி அடியையும் துடைத்துவிடுங்கள். பாத்திரத்தை எடுத்ததும் கண்ணாடி சீக்கிரம் ஆறத் தொடங்கிவிடும், அவகாசம் குறைவு என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அதற்காகப் பொங்கல் சம்பிரதாயத்தை விட வேண்டுமா? தேவையே இல்லை. வெறும் பாலாகப் பொங்கி வழியட்டும். பால் கருகினால் ஊற வைத்து எடுத்துவிடலாம். வெல்லத்தை வேறு பாத்திரத்தில் கரைத்து, மண் போக வடிகட்டி, அரிசி வெந்து தண்ணீர் வற்றியபின் சேருங்கள். நம் பாட்டிமார் பக்குவமும் அதுதான். வெல்லம் விழுந்தபின் சூட்டைக் குறைத்து, முக்கால் பானைக்கு மேல் நிரம்பாமல் பார்த்துக்கொண்டால் கண்ணாடிக்கு ஒரு கெடுதலும் வராது.

சர்க்கரையோடு சேர்த்துப் பயப்பட வேண்டியவை இன்னும் இரண்டு. ஒன்று பிளாஸ்டிக். வெட்டிய பால் கவரைச் சமைத்து முடித்த தகட்டின் மேல் வைக்கும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. உருகிய பிளாஸ்டிக்கையும் சூட்டிலேயே சுரண்டிவிட வேண்டும். இன்னொன்று, சாப்பாடு பொதியும் அலுமினியத் தாள். அதைச் சூடான வட்டத்தில் படவே விடாதீர்கள்.

பொறுக்க வேண்டிய கறைகள்

மற்ற எல்லாவற்றுக்கும், அதாவது வழிந்த சாம்பார், பால் ஆடை, பருப்பு நுரை, தோசை மாவு, எண்ணெய்த் தெறிப்பு எல்லாவற்றுக்கும், தகடு ஆறும்வரை காத்திருப்பதுதான் நல்லது. ‘H’ என்ற சிவப்பு எழுத்து எரிகிற அடுப்பாக இருந்தால் அது அணையட்டும். அப்புறமும் உடனே தேய்க்கப் போகாதீர்கள். டிஷ்வாஷ் லிக்விட் சில சொட்டு விட்ட ஈரத்துணியைக் கறையின் மேல் விரித்துவிட்டு, போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். முக்கால்வாசிக் கறை துணியோடு வந்துவிடும்.

வராதது இருக்கும், தெரியும். வட்டத்தின் ஓரத்தில் பழுப்பு வளையமாகப் படிந்து, மாதக்கணக்கில் வெந்து வெந்து கறுத்துப் போனது அது. அதற்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவி, மேலே ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் விடுங்கள். பிறகு துணியாலேயே வட்டமாகத் தேயுங்கள். சோடா மிருதுவான பொருள், கண்ணாடியைக் கீறும் பலம் அதற்கு இல்லை. அதற்கும் மசியாததுக்கு பிளேடு.

பிளேடு என்றதும் பலர் பதறுகிறார்கள். அந்தத் தகட்டைச் செய்பவர்களே பிளேடு ஸ்க்ரேப்பரைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் பிடிக்கும் விதம் முக்கியம். சோப்புத் தண்ணீர் தடவிய ஈரத் தகட்டில், பிளேடின் முழு விளிம்பும் கண்ணாடியோடு படிந்திருக்க, சாய்வாக முன்னோக்கி மட்டும் தள்ள வேண்டும். கீறல் போடுவது பிளேடின் மூலைதான். செங்குத்தாகப் பிடித்தாலோ ஒருபக்கம் சாய்த்தாலோ மூலை குத்தும். துரு ஏறிய பிளேடையும், விளிம்பில் பல் விழுந்த பிளேடையும் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். சவரத்துக்கு ஆகாத பிளேடு அடுப்புக்கு ஆகும் என்று எடுத்து வைப்பது நம் வீட்டுச் சிக்கனம்; இங்கே அந்தச் சிக்கனம் வேண்டாம்.

கடைசியில், சோப்பின் மிச்சம் ஒட்டாமல் சுத்தமான ஈரத்துணியால் ஒருமுறையும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒருமுறையும் துடைக்க வேண்டும். இந்தக் கடைசித் துடைப்பைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். தகட்டில் தங்கிய சோப்பு அடுத்த சமையலில் வெந்து மங்கலாகப் படிகிறது. அதைக் கறை என்று நினைத்து மறுபடி சோப்புப் போடுகிறார்கள். அது இன்னொரு படலமாகிறது.

சாம்பல், செங்கல் பொடி, பச்சை நார்

எது எதைக் கீறும் என்பதற்குக் கனிமவியலில் ஒரு வரிசை உண்டு. மோஸ் அளவுகோல் என்பார்கள். மிக மிருதுவான டால்க் 1, வைரம் 10. செராமிக் கண்ணாடி அதில் ஏறக்குறைய 6. அலுமினியம் 3-ஐத் தொடாது. ஆற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. இந்த ஒரு எண்ணை மனசில் வைத்துக்கொண்டால் போதும். மணல் கலந்த எதுவும் இந்தத் தகட்டைக் கீறும்.

வெண்கலம் துலக்கப் பயன்படும் செங்கல் பொடியில் மணல் இருக்கிறது. அடுப்புச் சாம்பலில் நெருடும் துகள்கள் இருக்கின்றன. பாத்திரம் தேய்க்கும் பவுடர்களில் கல் மாவு இருக்கிறது. பச்சை நாரில் உராய்பொருள் ஒட்டியிருக்கிறது. கம்பி நாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எவர்சில்வர் பாத்திரத்துக்கு உயிர் கொடுக்கும் இவை எல்லாம் கண்ணாடித் தகட்டின் பளபளப்பை உரித்துவிடும். தகட்டில் அச்சடித்த வட்டக் கோடுகளும் எண்களும் மங்கிப் போவது இப்படித்தான். கீரையைக் கழுவாமல் அடுப்பு மேல் வைப்பதையும் நிறுத்தலாம். அந்த மண்ணைப் பார்க்காமல் மேலே குக்கரை வைத்து ஒரு இழு இழுத்தால் போதும், நீளமாக ஒரு கோடு.

ஆனால் தெரிகிற கோடெல்லாம் கீறல் ஆகாது. இதைச் சொல்லியே ஆக வேண்டும். தகட்டில் வெள்ளி நிறத்தில் தாறுமாறாகக் கோடுகள் தெரிந்தால், அலுமினியப் பாத்திரம் உரசிய தடமாக இருக்கும். அங்கே தேய்ந்தது பாத்திரம்தான். பென்சில் காகிதத்தில் எழுதும் கதை. நகத்தை ஓட்டிப் பாருங்கள், தட்டுப்படாது. செராமிக் தகட்டுக்கென்றே விற்கும் கிரீமைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். பலர் இதைக் கீறல் என்று நம்பி, ‘இனி என்ன போச்சு’ என்று கம்பி நாரை எடுத்து, நிஜமான கீறலை உண்டாக்கிவிடுகிறார்கள்.

போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் வெள்ளைத் திட்டுகள் படியும். குழாயிலும் பக்கெட்டிலும் படிகிற அதே சுண்ணாம்புதான். புளிப்பு அதைக் கரைக்கும். வினிகரை நனைத்த துணியால் ஒற்றி ஐந்து நிமிடம் விட்டுத் துடைத்தால் போகும். வினிகர் இல்லையா, எலுமிச்சை மூடி போதும். செம்பு விளக்க நாம் எடுக்கும் புளியும் அதே வேலையைச் செய்யும். கரைத்து வடிகட்டிய தண்ணீராக இருக்க வேண்டும், ஓடும் கோதும் கல்லும் கலந்த உருண்டையாக இருக்கக் கூடாது. எண்ணெய் சிந்தியதுபோல் வானவில் நிறம் தெரிந்தால் அதுவும் பெரும்பாலும் தண்ணீர் உப்போ சோப்போ வெந்த மெல்லிய படலம்தான். அதற்கும் வினிகர்.

ஜன்னல் கண்ணாடி துடைக்கும் நீலத் திரவத்தை இதில் அடிக்காதீர்கள். அமோனியா கலந்த வகைகளின் மிச்சம் சூட்டில் கறையாகும் என்பதால் அடுப்புடன் வரும் கையேடுகளே வேண்டாம் என்கின்றன. பிளீச்சிங் திரவங்களுக்கும் அதே பதில்.

பாத்திரத்தின் அடியைப் பாருங்கள்

தகடு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், அடி பிடித்த பாத்திரத்தை வைத்தால் பயனில்லை. நம் சமையலறையில் சில பாத்திரங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும்.

இரும்புத் தோசைக்கல் இண்டக்‌ஷனில் அருமையாகச் சூடாகும். ஆனால் வார்ப்பு இரும்பின் அடி சொரசொரப்பானது. தூக்கி வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. நடுவில் குழிந்த பழைய கல் தகட்டில் சரியாகப் படியாது. வெறும் கல்லை ஏற்றிவிட்டு மாவு எடுக்கப் போவதையும் தவிருங்கள்.

மண்சட்டி இண்டக்‌ஷனில் வேலை செய்யாது. இன்ஃப்ராரெட் அடுப்பில் செய்யும். மீன் குழம்புக்கு ஆசைப்பட்டு வைக்கிறவர்கள், அதன் அடி முழுக்க மணல் கலந்த களிமண் என்பதை மறக்க வேண்டாம். வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

ஈயச்சொம்பு ரசம் வைக்கிற வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். ரசமோ தண்ணீரோ உள்ளே இருக்கும்வரை சொம்பு தப்பிக்கும். 500 டிகிரி தாண்டும் இன்ஃப்ராரெட் வட்டத்தில் காலிச் சொம்பை வைத்தால் சில நிமிடங்களில் சொம்பும் போகும், உருகிய ஈயம் படிந்து தகடும் போகும். ரசத்தை வேறு பாத்திரத்தில் கொதிக்க வைத்துச் சொம்புக்கு மாற்றிக்கொள்வதுதான் இந்த அடுப்புக்குப் பொருத்தம். அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் வற்றும்வரை விட்டாலும் இதே கதி வரலாம். அது உருக 660 டிகிரி வேண்டும் என்றாலும், வெறும் பாத்திரம் சிவக்கும் வட்டத்தில் அந்தச் சூட்டை நெருங்கிவிடும்.

இன்னொன்று, பாத்திரத்தோடு சம்பந்தமில்லாதது. அடுப்புக்கு நேர் மேலே அலமாரி வைத்து, அதில் மசாலா பாட்டில்களையும் சின்ன இடிகல்லையும் அடுக்காதீர்கள். பத்து லிட்டர் குக்கரின் கனத்தைச் சுலபமாகத் தாங்கும் இந்தத் தகடு, மேலிருந்து மூலை குத்த விழும் ஒரு சின்னப் பாட்டிலைத் தாங்காமல் போகலாம்.

கண்ணாடிக்குக் கீழே

சென்னையில் மின்சாதனம் பழுது பார்க்கும் ஒரு சின்னக் கடையில் நின்று பார்த்தேன். ஒரு பெண்மணி இண்டக்‌ஷன் அடுப்பைப் புடவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். கண்ணாடி பளிங்காக இருந்தது. “தினமும் துடைக்கிறேன் தம்பி, ஆனா சூடே ஏறல” என்றார். கடைக்காரர் கவிழ்த்துப் போட்டு நாலு திருகாணியைக் கழற்றினார். “மேல ஒரு குறையும் இல்லக்கா. இங்க பாருங்க” என்று காட்டினார். விசிறி இறக்கைகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து பஞ்சுத் திரியாகத் தொங்கின. மூலையில் கரப்பான் முட்டைகள். விசிறி சுற்ற முடியாமல் நின்றதில், ஐஜிபிடி என்று மெக்கானிக்குகள் சொல்லும் முக்கியமான பாகம் சூட்டில் எரிந்திருந்தது.

மேசை மேல் வைக்கும் இண்டக்‌ஷன் அடுப்பு கீழிருந்து காற்றை இழுத்துத் தன் உறுப்புகளைக் குளிர்விக்கிறது. தாளிக்கும் புகையும் அந்த வழியாகத்தான் போகிறது. மாதத்துக்கு ஒருமுறை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அடிப்பக்கத் துளைகளை உலர்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். தண்ணீர் ஆகவே ஆகாது. அடியில் நியூஸ்பேப்பரோ துணியோ விரிக்காதீர்கள். காற்று இழுக்கும் வேகத்தில் அது துளைகளை மூடிக்கொள்ளும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். சமையல் முடிந்த கையோடு சுவிட்சை அணைப்பதும் தவறு. விசிறி தானாக நிற்கும்வரை விட்டு, அப்புறம் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும் நாள்

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வாடகைக்கு இருக்கும் நம் உறவுகளுக்கு இந்தத் தகடு பணப் பிரச்சினையும்கூட. அங்கே மூன்று மாத வாடகை வரை முன்பணமாகப் பிடித்து வைக்கலாம். வீட்டைக் காலி செய்யும் நாளில் ஒவ்வொரு அறையாகப் பார்த்துப் பத்திரம் எழுதுவார்கள். அடுப்புத் தகட்டின் மேல் வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. வழக்கமான புழக்கத்தில் வரும் தேய்மானத்துக்குக் குடியிருந்தவர் பொறுப்பில்லை. பாகு பெயர்த்த பள்ளத்துக்கும் விரிசலுக்கும் பொறுப்பு. அப்போதும் பழைய தகட்டுக்குப் புதுத் தகட்டின் முழு விலையைக் கேட்க முடியாது, அதன் வயதுக்கு ஏற்ப மதிப்புக் குறைய வேண்டும். குடிபோகும் அன்றே ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி தகட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்வதும், இருக்கிற கீறலை அன்றைய பத்திரத்திலேயே எழுத வைப்பதும் பின்னால் கை கொடுக்கும்.

விரிசல் விழுந்துவிட்டால்

மெல்லிய கோடுதானே என்று சமைத்துக்கொண்டே போகாதீர்கள். விரிசல் வழியாகத் தண்ணீரோ பாலோ உள்ளே இறங்கினால் மின்சாரம் பாத்திரத்துக்கு வரலாம். பாத்திரத்தைத் தொடும் முன் மின் இணைப்பைத் துண்டியுங்கள். சுவரோடு பொருத்திய அடுப்பானால் அதற்குரிய மெயின் சுவிட்சையே இறக்குங்கள். ஈரத்துணியை அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது.

கண்ணாடித் தகட்டை மட்டும் மாற்ற முடியும். மேசை இண்டக்‌ஷனில் அதைச் சூடு தாங்கும் சிலிக்கோன் பசையால் ஒட்டியிருப்பார்கள். பெயர்த்துவிட்டுப் புதியதை ஒட்டி, பசை முழுக்க இறுகும்வரை காய விட வேண்டும். மாற்றக் கொடுக்கும்போது அளவையும் தடிமனையும் மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். போடப்போவது செராமிக் கண்ணாடியா என்று கேளுங்கள். விலை குறைவு என்று கறுப்பு அடித்த டஃபண்டு தகட்டைப் பொருத்தினால், அடுத்த பொங்கலுக்கு முன்பே அது சிதறலாம்.

கழற்றிய பழைய தகட்டை பாட்டில், ஜாடிகளோடு சேர்த்துப் போட வேண்டாம். பாட்டில் கண்ணாடி உருகும் உலையில் செராமிக் கண்ணாடி உருகாமல் கல்லாகவே நிற்கும். புதுப் பாட்டிலில் அந்தத் துணுக்கு சிக்கிக்கொண்டால் பாட்டில் அந்த இடத்தில் உடையும். கனமான தாளில் சுற்றி, மேலே ‘உடைந்த கண்ணாடி’ என்று எழுதி, குப்பை வாங்க வருபவர் கையில் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.